ஆற்றுக்கும் ஒரு முறை

ஆடி மாதத்தில் எங்கள் அச்சகத்தில் இயந்திரச் சத்தம் கேட்காது. கல்யாணப் பத்திரிகை கிடையாது, புதுமனை புகுவிழா கிடையாது. அம்மன் கோயில் கஞ்சி வார்த்தலுக்கு இரண்டு மூன்று சுவரொட்டி வரும், அதோடு சரி. திருவாரூரில் இருபத்திரண்டு வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். வேலை ஓய்ந்த அந்த மாதத்தில்தான், மூன்று வருடமாக, நாங்கள் நாலு பேர் கூடி ஒரு படையெடுப்பை மேசைமேல் நடத்திப் பார்க்கிறோம்.

1758 இல் பிரெஞ்சுத் தளபதி லாலி தஞ்சாவூர்மேல் படை நடத்திய கதை அது. அதுவும் ஆடியில்தான் முற்றியது. புதுச்சேரியில் புறப்பட்டு, காரைக்கால், நாகூர், கீழ்வேளூர், திருவாரூர் என்று வந்து தஞ்சாவூர்க் கோட்டைக்கு முன்னால் நின்றவன், மூன்று வாரம் கழித்துப் பசித்த படையோடு காரைக்காலுக்குத் திரும்பினான். காகிதம் வாங்க நான் நாகப்பட்டினத்துக்குப் பஸ்ஸில் போகும்போது ஜன்னலில் கடந்து போகிற ஊர்கள் அவன் கடந்த ஊர்கள். இப்படி ஓர் ஆட்டத்தைச் சொந்தமாகச் செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு எங்கள் அனுபவம் உதவட்டும் என்று இதை எழுதுகிறேன்.

தொடங்கி வைத்தது வேறு ஒரு பெட்டி. சிங்கப்பூரில் வேலை பார்த்துத் திரும்பிய நண்பர் ஒருவர் பழைய பலகை ஆட்டம் ஒன்றைக் கொடுத்தார். அவலான் ஹில் என்ற அமெரிக்க நிறுவனம் 1964 இல் வெளியிட்ட ‘ஆஃப்ரிகா கார்ப்ஸ்’. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் தளபதி ரோமெலின் படை வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் நடத்திய போர்தான் களம். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம்; ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஓர் அட்டைச் சில்லு; சில்லில் பலத்துக்கு ஓர் எண், நகர்வுக்கு ஓர் எண். நானும் என் மைத்துனரும் ஒரு கோடை முழுவதும் அதை ஆடினோம்.

அதில் எங்களைப் பிடித்து நிறுத்தியது ஒரு விதி. ஜெர்மன் தரப்பு தாக்க வேண்டுமானால் பக்கத்தில் ஒரு வழங்கல் சில்லு இருக்க வேண்டும். தாக்கினால் அது செலவாகிப் போகும். அடுத்தது கடல் தாண்டி வந்து சேருமா என்பதைப் பகடை சொல்லும். என் மைத்துனர் நெல் கொள்முதல் நிலையத்தில் பட்டியல் எழுத்தர். சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது என்று ஒவ்வொரு போகத்துக்கும் தவிக்கிறவர். அந்தச் சில்லைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அத்தான், இதுதான் நிஜம். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால் வருவது” என்றார். நம் மண்ணில் நடந்த ஒரு போரை இப்படி ஆடிப் பார்த்தால் என்ன என்ற பேச்சு அன்றைக்குத் தொடங்கியது.

எந்தப் போர்? கேட்டவர்கள் எல்லோரும் சோழர்களைத்தான் சொன்னார்கள். ராஜேந்திர சோழன் 1025 இல் கடாரத்துக்குக் கப்பல் விட்ட பெருமை எனக்கும் நெஞ்சு நிறைய இருக்கிறது. ஆனால் மேசை ஆட்டத்துக்கு நாள் கணக்கு வேண்டும். எந்தத் தேதியில் எங்கே இருந்தார்கள், எதனால் தாமதித்தார்கள் என்று தெரிய வேண்டும். மெய்க்கீர்த்தி வென்ற ஊர்களின் பெயரைச் சொல்லும். வண்டி மாடு எத்தனை என்று சொல்லாது. ஆகவே முதல் யோசனை இதுதான்: பெருமைக்காக எடுக்காதீர்கள். புறப்பட்ட நாளும் முடிந்த நாளும் தெரிந்த, ஒரு மாவட்டத்துக்குள் அடங்குகிற சிறிய படையெடுப்பாக எடுங்கள்.

லாலியின் படையெடுப்பு அப்படிப்பட்டது. 1758 ஏப்ரல் கடைசியில் புதுச்சேரியில் இறங்கினான். ஜூன் 2 இல் கடலூரை ஒட்டி ஆங்கிலேயர் வைத்திருந்த செயின்ட் டேவிட் கோட்டையைப் பிடித்தான். அடுத்து சென்னைதான் அவன் குறி. அதற்குக் கையில் பணமில்லை. கப்பற்படைத் தலைவன் தாஷேயும் உடன் வரவில்லை. 1749 இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் தஞ்சாவூரை நெருக்கியபோது மராட்டிய மன்னர் பிரதாபசிங்கிடம் எழுதி வாங்கிய கடன் பத்திரம் கையில் இருந்தது. 56 லட்சம் ரூபாய். அதை வசூலிக்க ஜூன் 18 இல் படை கிளம்பியது. ஆகஸ்ட் 10 இல் முற்றுகை முடிந்தது. எண்ணிப் பார்த்தால் 54 நாள். ஒரு சுற்றுக்கு மூன்று நாள் என்று வைத்தோம். பதினெட்டுச் சுற்று, சரியாக விழுந்தது.

கடன் வசூலிக்க வந்த படை என்று புரிந்ததும் வெற்றி தோல்விக் கணக்கே மாறிவிட்டது. கோட்டையைப் பிடிப்பது பிரெஞ்சு ஆட்டக்காரரின் வேலை இல்லை. பணத்தோடு காரைக்கால் திரும்ப வேண்டும். ஏழு லட்சத்துக்கு ஒரு சோழி. ஆக எட்டுச் சோழி. அதில் ஆறு திரும்பி வந்தால் லாலிக்கு வெற்றி. எட்டும் வேண்டும் என்று வைத்த முதல் ஆடியில் லாலியாக உட்கார ஆள் கிடைக்கவில்லை.

முதல் பலகை முழுத் தோல்வி. அந்த அமெரிக்கப் பெட்டியைப் பார்த்து நானும் அறுகோணம் போட்டேன். வேதாரண்யத்திலிருந்து கொள்ளிடம் வரை நானூறுக்கும் மேற்பட்ட கட்டங்கள். அச்சடிக்கப் பார்வையாகத்தான் இருந்தது. ஆட உட்கார்ந்தால் இரண்டு படைகளும் திறந்த வெளியில் சுற்றிச் சுற்றி வந்து மோதின. பதினோராம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த என் அக்கா மகள் ஒரு கட்டத்தில் விரலை வைத்து, “மாமா, இங்கே என்ன இருக்கிறது?” என்று கேட்டாள்.

“வயல்.”

“ஆடி மாதம் வயலில் பீரங்கியை எப்படி உருட்டுவார்கள்?”

அன்றைக்கு ஆட்டம் அதோடு நின்றது. பாலைவனத்தில் எந்தப் பக்கமும் திரும்பலாம். இங்கே உழுது தண்ணீர் கட்டிய வயலில் வண்டிச் சக்கரம் அச்சு வரை இறங்கிவிடும். கரை இருக்கும் இடத்தில்தான் பாதை. துறை இருக்கும் இடத்தில்தான் ஆற்றைத் தாண்டலாம். அறுகோணம் இந்த மண்ணுக்குப் பொருந்தவில்லை.

பொருந்தியது நம் வீட்டு ஆட்டம். பழைய கோயில் மண்டபத் தரைகளில் கல்லில் கீறி வைத்த ஆடுபுலி ஆட்டக் கோடுகளைப் பார்த்திருப்பீர்கள். 23 புள்ளி, மூன்று புலி, பதினைந்து ஆடு. காய் புள்ளியில்தான் நிற்கும், கோட்டின்மேல்தான் நகரும். எங்கள் டெல்டாவின் வரைபடமே அது. புள்ளி என்றால் ஊர். கோடு என்றால் கரை. அதைவிடப் பெரிய பொருத்தம் ஒன்று இருந்தது. ஆடு புலியை வெட்ட முடியாது. சூழ்ந்து நின்று நகரவிடாமல் அடைக்கத்தான் முடியும். திறந்த வெளியில் பிரெஞ்சுத் துப்பாக்கி வரிசையோடு தஞ்சாவூர்ப் படை நேருக்கு நேர் நின்றால் அழிந்திருக்கும். தளபதி மானோஜியின் குதிரைப்படை அப்படி நிற்கவில்லை. தீவனம் தேடிப் போனவர்களை மடக்கியது, மாட்டை ஓட்டிக்கொண்டு போனது, பின்னால் வரும் மூட்டையைப் பிடித்தது. ஆட்டுக்காய் செய்கிற வேலை.

இரண்டாவது பலகையில் 31 புள்ளிகள். தடித்த கோடு பீரங்கி போகும் கரைவழி. மெல்லிய கோடு ஆளும் குதிரையும் மட்டும் போகும் வழி. அலை போட்ட கோடு ஆற்றுத் துறை. கடலோரத்தில் தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுக்கு, காரைக்கால் பிரெஞ்சுக்கு, நாகப்பட்டினம் டச்சுக்காரர்களுக்கு. முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டருக்குள் மூன்று கொடி பறந்த கரை அது. டேனிஷ், டச்சுத் துறைகளில் சோழி கொடுத்தால் வெடிமருந்து வாங்கலாம் என்று ஒரு விதி வைத்தோம். கடனை வசூலிக்க வந்தவன் வசூலித்த பணத்தையே வெடிமருந்துக்குக் கொடுக்கலாமா என்று யோசிக்கும்போது லாலியாக ஆடுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இனி, நாங்கள் அதிகம் உழைத்த இடத்துக்கு வருகிறேன்.

புறப்பட்ட சில நாளிலேயே லாலியின் படை பட்டினி கிடந்தது. கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்குப் பக்கத்தில் தேவிக்கோட்டையை அடைந்தபோது அங்கே அவர்களுக்குக் கிடைத்தது நெல். அரிசி இல்லை. குத்துவதற்கு வழியும் இல்லை. இதைப் படித்த அன்று என் மைத்துனர் வெகுநேரம் பேசாமல் இருந்தார். நெல்லுக்கும் சோற்றுக்கும் நடுவில் எத்தனை கை இருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். சாப்பாட்டை ஒரே ஓர் எண்ணாக எழுதி வைத்திருந்த எங்கள் விதித்தாளை அன்றைக்கே கிழித்தோம்.

புளியங்கொட்டையை எடுத்தோம். அதன் ஒரு பக்கத்தைக் கருங்கல்லில் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பழுப்புத் தோல் போய் உள்ளே வெள்ளை தெரியும். கிராமத்தில் பெண்கள் பகடைக்குப் பதிலாக உருட்டுவதற்கு இப்படித்தான் தேய்த்து வைப்பார்கள். பழுப்பு மேலே இருந்தால் நெல். வெள்ளை மேலே இருந்தால் அரிசி. படை அரிசியைத்தான் தின்னும். ஒரு கொட்டையைத் திருப்பிப் போட வேண்டுமானால் அந்தப் புள்ளியில் ஊர்ச்சில்லு இருக்க வேண்டும். அதாவது ஊர்மக்கள் ஓடிப்போகாமல் இருக்க வேண்டும். கூடவே ஒரு சுற்று முழுக்க அங்கே தங்க வேண்டும். உரலும் உலக்கையும் ஆளும் ஊரில்தானே இருக்கின்றன. மூட்டை மூட்டையாகப் பழுப்புக் கொட்டையைக் குவித்து வைத்துக்கொண்டு, பட்டினியால் ஒவ்வொரு சுற்றிலும் ஆள் இழக்கிற லாலியை நாங்கள் பலமுறை பார்த்துவிட்டோம்.

குன்றிமணி வெடிமருந்து. கோட்டைச் சுவரை ஒருமுறை சுட்டால் ஒரு குன்றிமணி போய்விடும். எண்ணி வைத்த முப்பது மணியும் செந்நிறமாக மினுங்கும்போது நிறைய இருக்கிற மாதிரித்தான் தெரியும். வரலாற்றிலும் அப்படித்தான் ஆயிற்று. ஆகஸ்ட் 2 இல் பிரெஞ்சுப் பீரங்கி மேடை கோட்டையைச் சுடத் தொடங்கியது. ஒரு வாரத்துக்குள் மருந்து தீரும் நிலைக்கு வந்துவிட்டது.

மாட்டைப் பற்றிய விதியைச் சொன்னவர் என் பெரியப்பா. எழுபத்தாறு வயது, கொரடாச்சேரிப் பக்கம் விவசாயம். எங்கள் ஆட்டத்தை ஒரு நாள் பின்னால் நின்று பார்த்தார். நான் லாலியாக இருந்தேன். நாலு ஊரில் மாடு பிடித்துப் பீரங்கிக்குப் பூட்டினேன். “தம்பி, இது எந்த மாதம்?” என்றார். ஆடி என்றேன். “ஆடிப்பட்டம் தேடி விதை என்று சும்மாவா சொன்னார்கள்? இந்த மாதம் மாட்டைப் பிடித்தால் அந்த ஊருக்கு அடுத்த வருடம் நெல் இல்லை. உனக்கு எவன் மாடு கொடுப்பான்? இரவோடு இரவாக ஓட்டிக்கொண்டு போய்விட மாட்டானா?” மாடு பிடிக்கிற ஊரில் ஊர்ச்சில்லு எடுக்கப்படும் என்ற விதி அப்படி வந்தது. ஊர்ச்சில்லு போனால் நெல் குத்த ஆள் இல்லை. பீரங்கி வேண்டுமா, சோறு வேண்டுமா? இரண்டும் ஒரே ஊரில் கிடைக்காது.

பின்னால் நின்றவரை அதற்கப்புறம் நாங்கள் விடவில்லை. 1824 இல் ப்ரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் ஆட்டத்தில் நடுவர் ஒருவர் உண்டு. இரு தரப்பின் நகர்வும் அவருக்கு மட்டும்தான் முழுதாகத் தெரியும். எங்கள் நடுவராகப் பெரியப்பாவை உட்கார வைத்தோம். இரண்டாவது நாளே அவர் கேட்டார்: “நீயும் அவனும் மாறி மாறி ஆடுகிறீர்கள். ஆற்றுக்கும் ஒரு முறை விடக் கூடாதா?”

வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சிய மனிதர் கேட்கிற கேள்வி. மேட்டூர் அணை 1934 இல் வந்தது. இப்போது ஜூன் 12 என்று நாள் குறித்துத் திறக்கிறார்கள். 1758 இல் அந்த அணையும் இல்லை, தேதியும் இல்லை. குடகில் மழை பெய்தால் கல்லணைக்குத் தண்ணீர் வரும். அது பிரிந்து கிழக்கே போய்க் கடைமடையைத் தொடும். லாலி கிழக்கிலிருந்து மேற்கே வந்தான். தண்ணீர் மேற்கிலிருந்து கிழக்கே வந்தது. இருவரும் எதிரெதிராக நடந்திருக்கிறார்கள்! இத்தனை வருடம் இந்த மண்ணில் இருந்தும் பெரியப்பா சொல்லும் வரை எனக்கு அது தோன்றவில்லை.

ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் மூன்றாவது முறை ஆற்றுடையது. பெரியப்பா ஒற்றைத் தாயக்கட்டையை உருட்டுவார். ஒன்று விழுந்தால் தண்ணீரைக் குறிக்கும் நீல மணி ஒரு துறை கிழக்கே நகரும். மூன்று விழுந்தால் மூன்று துறை. வெறும் பக்கம் விழுந்தால் தண்ணீர் நின்ற இடத்தில் நிற்கும். நீல மணி தாண்டிப் போன துறைகளில் ஆள் கடக்க ஒரு சுற்று. பீரங்கி கடக்க இரண்டு சுற்றும் இரண்டு ஜோடி மாடும். வெட்டாறு, ஓடம்போக்கி, வெண்ணாறு, வடவாறு என்று பெயர் எழுதிய அலைக்கோடுகள் ஒவ்வொன்றாக நனையும்போது மேசையைச் சுற்றிப் பேச்சு நின்றுவிடும். பெரியப்பா கட்டையை உள்ளங்கையில் வைத்துக் கொஞ்ச நேரம் தேய்ப்பார். அவர் யார் பக்கமும் இல்லை. ஆறும் அப்படித்தான்.

நடுவர் வைத்து ஆடுங்கள், அவருக்கும் சொந்தமாக ஒரு காய் கொடுங்கள் என்பதே நான் கண்ட பெரிய பாடம். சும்மா உட்கார்ந்து விதி பார்க்கிறவருக்கு அரை மணியில் தூக்கம் வந்துவிடும்.

கீழ்வேளூரைப் பற்றி எழுதாமல் இருக்க முடியாது. அங்கே கேடிலியப்பர் கோயிலில் லாலி புதையல் தேடினான். குளத்தையும் விடவில்லை. நினைத்த பொன் கிடைக்கவில்லை. ஒற்றர்கள் என்று சொல்லி அந்தணர்கள் ஆறு பேரைப் பீரங்கி வாயில் கட்டிச் சுட்டுக் கொன்றான். அந்தக் கோயிலுக்கு நாங்கள் குடும்பத்தோடு போகிறவர்கள். என் முதல் விதித்தாளில் ‘கோயிலைக் கொள்ளையிட்டால் இரண்டு சோழி’ என்று ஒரு வரி இருந்தது. வெளிநாட்டு ஆட்டங்களில் கொள்ளைக்கு இப்படிப் புள்ளி கொடுப்பதைப் பார்த்து எழுதியது. அக்கா மகள் அந்த வரியின்மேல் பேனாவை வைத்து, “மாமா, இது நடக்கவில்லை. அவனுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நாம் ஏன் கொடுக்கிறோம்?” என்றாள்.

அவள் சொன்னது அறத்துக்கும் சரி, வரலாற்றுக்கும் சரி. இப்போது அந்த இடத்தில் விதி இப்படி இருக்கிறது: லாலி கோயிலைத் தொட்டால் ஒரு சுற்று வீணாகும், சோழி கிடைக்காது, கீழ்வேளூரிலும் அதைத் தொட்ட எல்லாப் புள்ளிகளிலும் ஊர்ச்சில்லு உடனே எடுக்கப்படும். செய்யக் கூடாது என்று தடை போடவில்லை. தடை போட்டால் அவன் செய்தது மறைந்துபோகும். செய்தால் என்ன ஆகும் என்பது பலகையில் தெரிய வேண்டும். புதிதாக ஆட வருகிறவர்கள் சிலர் ‘பார்ப்போமே’ என்று செய்வார்கள். திருவாரூர் வந்ததும் வெறும் ஊர், ஆளில்லாத உரல். இரண்டாம் முறை ஆடும்போது ஒருவரும் கோயில் பக்கம் திரும்புவதில்லை. கொடுமை நடந்த வரலாற்றை ஆட்டமாக்குகிறவர்கள் இந்த ஓர் இடத்தில் நிதானிக்க வேண்டும். எதற்குப் புள்ளி கொடுக்கிறோமோ அதையே ஆட்டக்காரர் செய்வார்.

பகடைக்கும் நம் பொருளே நல்லது. ஆறு முகப் பகடை ஒன்றை உருட்டினால் ஒன்றும் ஆறும் மூன்றும் சம வாய்ப்போடு விழும். சண்டையின் முடிவு அப்படித் தாறுமாறாக இருப்பது எனக்கு உறுத்தியது. பித்தளைத் தாயக்கட்டை இரண்டை எடுத்துக் கணக்குப் போட்டேன். ஒவ்வொன்றிலும் ஒன்று, இரண்டு, மூன்று, ஒரு வெறும் பக்கம். சேர்த்து உருட்டினால் பதினாறு விதமாக விழலாம். கூட்டுத்தொகை மூன்று நான்கு விதத்தில் வரும். இரண்டும் நான்கும் மும்மூன்று விதத்தில். ஒன்றும் ஐந்தும் இரண்டிரண்டு விதத்தில். பூஜ்யமும் ஆறும் ஒரே ஒரு விதத்தில். (தாயத்தில் இரண்டும் வெறுமையாக விழுந்தால் பன்னிரண்டு என்போம், இங்கே பூஜ்யம்.) பெரும்பாலும் நடுத்தர முடிவு, எப்போதாவது பெருவெற்றியோ பெருந்தோல்வியோ. படைவீரன் எதிர்பார்க்கக்கூடிய உலகம் இது. பலமானவர் எவ்வளவு கூடுதலோ அதைக் கூட்டுத்தொகையில் சேர்த்தால் போதும். பக்கம் பக்கமாக அட்டவணை வேண்டாம். எங்கள் விதித்தாள் முழுவதும் இரண்டே பக்கம். அதற்கு மேல் எழுதியதை ஒருவரும் படிக்கவில்லை.

தூது விதி என் மைத்துனர் தந்தது. பிரதாபசிங் பேரம் பேசிப் பேசியே நாளைக் கடத்தினார். அந்த நாட்களில் திருச்சிராப்பள்ளியிலிருந்து ஆங்கிலத் தளபதி கைலாட் அனுப்பிய சிப்பாய்கள் தஞ்சாவூருக்குள் வந்து சேர்ந்தார்கள். எனவே தஞ்சாவூர் ஆட்டக்காரர் தன் முறையில் ஒரு சோழியை நீட்டலாம். லாலி வாங்கிக்கொண்டால் அந்தச் சுற்று முழுவதும் சுடாமல் நிற்க வேண்டும். நீட்டிய சோழியை வேண்டாம் என்று சொல்வது எத்தனை கடினம் என்பது உட்கார்ந்து ஆடினால்தான் தெரியும்.

கடல் சண்டைக்கு ஒரு கொட்டாங்கச்சி வைத்திருக்கிறோம். ஆகஸ்ட் 3 இல் நாகப்பட்டினத்துக்கு அப்பால் கடலில் ஆங்கில அட்மிரல் போகாக்கின் கப்பல்களும் தாஷேயின் கப்பல்களும் மோதின. தாஷே பின்வாங்கினான். அந்தச் செய்தி 8 ஆம் தேதிதான் தஞ்சாவூர் முகாமுக்கு எட்டியது. இடைப்பட்ட ஐந்து நாளும் தன் முதுகுக்குப் பின்னால் காரைக்கால் பத்திரமா என்று தெரியாமல் லாலி சுவரைச் சுட்டுக்கொண்டிருந்தான். பெரியப்பா தனியாக உருட்டிப் பார்த்து, கறுப்புக் கல்லையோ வெள்ளைக் கல்லையோ கொட்டாங்கச்சிக்கு அடியில் வைத்துக் கவிழ்த்துவிடுவார். இரண்டு சுற்று கழித்துத்தான் திறக்க வேண்டும். வாட்ஸப்பில் வளர்ந்த பிள்ளைகளுக்குச் செய்தி நடந்து வந்த காலத்தைக் காட்ட இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

கைவேலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேசை வரைபடத்துக்குப் பளபளப்பான லேமினேஷன் வேண்டாம். டியூப்லைட் வெளிச்சம் பட்டு ஆற்றுப் பெயர் தெரியாது. மங்கலான மேட் லேமினேஷன் போடுங்கள். கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிய சில்லு மின்விசிறிக் காற்றில் பறந்துவிடும். கெட்டியான மில் போர்டில் ஒட்டி வெட்டுங்கள். இருபுறமும் அச்சடித்த சில்லு செய்யாதீர்கள். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விலகினால் வெட்டும்போது எண் பாதி போய்விடும். தொழில் தெரிந்த நானே நூற்றிருபது சில்லை அப்படி இழந்தேன். கொட்டை, சோழி, குன்றிமணி எல்லாம் அச்சு கேட்காதவை. குன்றிமணி நஞ்சு, சின்னக் குழந்தைகள் இருக்கிற வீட்டில் அதற்குப் பதிலாகச் சிவப்புப் பாசிமணி வையுங்கள். புது விதி எதுவானாலும் பென்சிலால் எழுதி மூன்று முறை ஆடிய பிறகே அச்சுக்குக் கொண்டுபோங்கள்.

சென்ற ஆடியில் கடைசி ஆட்டத்தை அக்கா மகள் லாலியாக ஆடினாள், மைத்துனர் தஞ்சாவூர். அவள் காரைக்காலில் மூன்று சுற்று அசையாமல் இருந்தாள். மாட்டை ஊருக்கு ஒரு ஜோடி என்று தள்ளித் தள்ளி எடுத்தாள். கீழ்வேளூரைத் தொடவில்லை. பெரிய பீரங்கிகளைத் திருவாரூரிலேயே நிறுத்திவிட்டு இலேசான படையோடு கோயில்வெண்ணி வழியாகத் தஞ்சாவூர் போனாள். மைத்துனர் வழக்கம்போல் சோழியை நீட்டினார். அவள் வாங்கிக்கொண்டே இருந்தாள். சுவரை ஒருமுறைகூடச் சுடவில்லை. சுடுவேன் என்ற பயத்தை மட்டும் வைத்திருந்தாள். ஐந்து சோழி சேர்ந்ததும், கொட்டாங்கச்சி திறக்க இன்னும் ஒரு சுற்று இருக்கும்போதே திரும்பினாள்.

அதற்குள் நீல மணி ஓடம்போக்கியைத் தாண்டியிருந்தது. திருவாரூரில் விட்ட பீரங்கியை மீட்க இரண்டு சுற்று வேண்டும். கையில் அரிசி ஒரு சுற்றுக்குத்தான். வெகுநேரம் பலகையைப் பார்த்தாள். பிறகு பீரங்கிக் காய்களைத் தானே எடுத்துப் பெட்டியில் போட்டுவிட்டுப் படையை மட்டும் கரை சேர்த்தாள். 1758 இல் உண்மையான படையும் இழுக்க மாடில்லாமல் பெரிய பீரங்கிகளைப் பாழாக்கிவிட்டுத்தான் திரும்பியது. அவள் அதை அப்போது படித்திருக்கவில்லை.

பதினெட்டாம் சுற்றில் ஐந்து சோழியோடு காரைக்காலில் நின்றாள். வேண்டியது ஆறு. மைத்துனர் கைதட்டினார், தோற்றது யார் என்று எங்களுக்குள் ஒரு மணி நேரம் பேச்சு ஓடியது. பெரியப்பா மட்டும் அவள் பக்கத்தில் மிச்சமிருந்த நான்கு புளியங்கொட்டைகளை விரலால் தள்ளிப் பார்த்தார். நான்கும் பழுப்பு. “குத்த ஆள் வைத்துக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாயே அம்மா” என்றார்.

இந்த ஆடிக்கு அவள் மானோஜியாக ஆடப் போகிறாளாம். அச்சகத்தின் பின்வாசல் படிக்கல்லில் தண்ணீர் தெளித்துப் புதிதாக ஐம்பது கொட்டை தேய்த்துக்கொண்டிருக்கிறாள்.